கட்கிக்கு அளவெடுக்கப் போன கதை

ரயில் தௌண்டில் நின்றதிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முந்தின நாள் மதியம் சென்னையில் ஏறியவள் நான். காலை ஏழு மணிக்குப் புனேக்கு இன்னும் எழுபத்தைந்து கிலோமீட்டர் பாக்கி இருந்தது. கதவருகே போய் நிற்பதும் திரும்பி வந்து உட்காருவதுமாக இருந்தேன். புனேயில் ஐ.டி. வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த எதிர் இருக்கைக்காரர், "நீங்க நடந்தா வண்டி வேகமா போயிடுமாம்மா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மாமல்லபுரத்தில் கல் வேலை செய்பவள் நான். புனேயை ஒட்டிய கட்கியில், வெடிமருந்து ஆலை வேலைக்கு வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழர்கள் தங்கள் முத்துமாரியம்மன் கோயிலைப் புதிதாகக் கட்டுகிறார்கள். மூன்றடியில் கல் சிலை கேட்டார்கள். எப்போதும்போல முதலில் ஓரடியில் மண்ணில் செய்து, சுட்டு, பார்வைக்கு அனுப்பினேன். அது திரும்பி வந்தால்தான் அளவெடுத்து, மூன்று மடங்காக்கி, கல்லில் குறிக்க முடியும். புகைப்படம் உதவாது, மூக்கு எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று படம் சொல்லாது.

பிடித்திருக்கிறது என்று போனில் சொன்னார்கள். பொம்மை மட்டும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம், "அம்மாவால இப்ப வர முடியாது மேடம்" என்று ஒரே பதில். பட்டறையில் கல் படுத்துக் கிடக்கிறது, ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு அன்றே திரும்புவது என்று மாலை நான்கு மணி வண்டிக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

புனே ஸ்டேஷனில் இறங்கியபோது மணி எட்டரை தாண்டிவிட்டது. அங்கிருந்து கட்கி ஆறு கிலோமீட்டர். லோனாவலா போகும் லோக்கலில் ஐந்து ரூபாய்ச் சீட்டு. சிவாஜிநகர் தாண்டியதும் இறங்க வேண்டும். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. கோயில் கமிட்டிச் செயலாளர் முருகேசன், ஆலையில் ஷிப்ட் முடித்த கையோடு குடையுடன் நின்றிருந்தார்.

"வாங்க மேடம். நாஷ்டா முடிச்சிட்டுப் போலாமா?"

"பொம்மையை முதல்ல பார்க்கணும்."

"பொம்மைன்னு அங்க வந்து சொல்லிடாதீங்க," என்றார், குரலைத் தணித்து.

விஷயம் அப்போதுதான் தெரிந்தது. கோயிலை இடித்துக் கட்டும்போது அம்மனைத் தற்காலிகமாக வேறொன்றில் இறக்கி வைப்பார்கள். பாலாலயம் என்று பெயர். ஒரு கலசம் போதும், பலகையில் எழுதிய படம் போதும். இவர்கள் என் மண் மாதிரியிலேயே இறக்கிவிட்டார்கள்!

"கையில இவ்ளோ அழகா ஒரு அம்மா இருக்கச்சொல்ல, சொம்புல எதுக்கு எறக்கணும்னு எல்லாரும் கேட்டாங்க. பூசாரியும் டீக் ஹைன்னுட்டாரு," என்றார் முருகேசன்.

எனக்குத் தலை சுற்றியது. கல் சிலை வராமல் அம்மன் இந்த மண்ணை விட்டு நகர மாட்டாள். இந்த மண் நகராமல் கல் சிலை வராது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்?

தகரக் கொட்டகைக்குள், சிவப்புப் பட்டுத் துண்டு சுற்றி, எலுமிச்சை மாலையோடு உட்கார்ந்திருந்தாள். நான் பிசைந்த மண், நான் சீவிய மூக்கு. பழக்கத்தில் கை நீட்டிவிட்டேன்.

"தொடாதீங்க!"

முருகேசனின் மனைவி செல்வி. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. கல் சிலை வரும்வரை அம்மனைத் தொடும் உரிமை காப்புக் கட்டிய அவளுக்கு மட்டும்தான்.

"இதைச் செஞ்சதே நான்தாங்க."

"அப்போ செஞ்சீங்க. இப்ப அம்மா உள்ள கீறா."

கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஒரே வாரத்தில் திருப்பித் தருகிறேன் என்று கெஞ்சியும் பார்த்தேன். செல்வி அசையவில்லை.

"எம் பொண்ணு இங்க பக்கத்துல ஆகுர்டில கீது. ரெண்டு வாட்டி தங்கல. இப்ப ஒம்பதாம் மாசம். இந்த நேரத்துல அம்மாவ ஊருக்கு அனுப்பிட்டு நான் யாருகிட்ட போயி நிப்பேன், நீங்களே சொல்லுங்க?"

வெளியே போய் மழையில் நின்றேன், உள்ளே வந்தேன், மறுபடி வெளியே போனேன். கடைசியில், "அலங்காரம் எப்போ கலைப்பீங்க?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு மணிக்கு அபிஷேகம்."

அப்போதுதான் மண் உடம்பு முழுதாகத் தெரியும். அளக்கலாம். ஆனால் அம்மன் மேல் இரும்பு படக்கூடாதாம். என் கவராயம் பைக்குள்ளேயே கிடந்தது. பூக்கட்டும் நூலை வாங்கினேன். நான் இரண்டடி தள்ளி நின்று சொல்லச் சொல்ல, செல்வி நூலைப் பிடித்தாள்.

"நெற்றியிலேர்ந்து தாடை. இழுக்காதீங்க, படிஞ்சாப்ல விடுங்க."

"போதுமா?"

"முடிச்சுப் போடுங்க. அடுத்தது காதுலேர்ந்து மூக்கு நுனி. அப்புறம் தோளுக்குத் தோள்."

அபிஷேகம் மூன்று மணி வரை நீண்டது. பூசாரி இரண்டு முறை மணியைப் பார்த்தார். எனக்கும் நான்கு மணி ரயில் பயம். கடைசியாக முதுகு. செல்வி சிலையைத் திருப்பி, கொண்டைக்குக் கீழே இருந்த சிறு குழியைக் காட்டினாள்.

"இத்த மறந்துடாதீங்க. இது அம்மா வெச்ச அடையாளம். ரேகையெல்லாம் தெரியுது பாருங்க. தெனம் இங்க பொட்டு வெச்சு, அந்தக் குங்குமத்தத்தான் மகளுக்கு எடுத்துனு போறேன். கல்லுலயும் இது வரணும்."

ஈர மண்ணைப் பலகையிலிருந்து தூக்கும்போது அழுத்தியது. தேய்க்க மறந்திருக்கிறேன். என் கட்டைவிரல்.

சொல்ல வாய் திறந்தேன். செல்வியின் முகத்தைப் பார்த்தேன். ஒன்பதாம் மாதம் என்று சொன்னது நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"இத்த அளக்கல?" நூலை நீட்டியபடி கேட்டாள்.

"வேணாங்க. இந்த அளவு என்கிட்ட இருக்கு."

முருகேசன் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். ஸ்டேஷனில் ஓடித்தான் வண்டியைப் பிடித்தேன். பொம்மைக்காகக் கொண்டுவந்த பெட்டியில் முடிச்சுப் போட்ட நூல்கள் மட்டும் இருந்தன. எங்கள் ஊரில் அளவெடுத்து முடிந்ததும் மண் மாதிரியை உடைத்துப் பொடியாக்கிக் குழைமண்ணோடு கலந்துவிடுவோம். ஒரு நாளும் யோசித்ததில்லை. திரும்பும் வழியிலும் உட்கார முடியவில்லை. கதவருகே நின்றபடி செல்வி கொடுத்த குங்குமப் பொட்டலத்தைப் பிரித்தேன். கட்டைவிரலால் தொட்டு எடுக்கப் போனேன்; செல்வி தினம் பொட்டு வைக்கும் ரேகை அதில் இருந்தது. விரலை மாற்றிக்கொண்டு, மோதிர விரலால் நெற்றியில் வைத்துக்கொண்டேன்.