முப்பத்து மூன்றாவது தாள்

என் மருமகனைத் தெருவில் எல்லோரும் 'பஞ்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். கார்க் கதவுகளுக்குள் சத்தம் அடக்கும் ரப்பர் தகடு ஒட்டுவது அவர் தொழில். ஊர்ச் சத்தத்துக்கெல்லாம் காதில் பஞ்சு வைக்கிறவர் என்று யாரோ கேலி செய்தது நிலைத்துவிட்டது. அதற்குமுன் பதினொரு வருடம் தகடு அடிக்கும் ஆலையில் இருந்தார். இடது காதில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். மீதியை வைத்துத்தான் பிழைப்பு.

கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். 'டங்' என்றால் வெறும் தகடு, 'டொக்' என்றால் ஒட்டிய இடம். காரோடு வந்த பாட்டுப் பெட்டியை மாற்றச் சொல்லவே மாட்டார். "பெட்டி நல்லாத்தான் பாடுது. கதவுதான் கூடச் சேர்ந்து ஆடுது" என்பார். கதவின் அதிர்வை அடக்கி, நைந்த ஸ்பீக்கரை மாற்றி, கூட்டல் கழித்தல் மாறிக் கிடக்கும் வயரைச் சரியாகப் பூட்டினால் போதும், அதே பெட்டி வேறு குரலில் பாடும்.

தகட்டின் பசைப் பக்கத்தில் ஒரு மெழுகுத்தாள் இருக்கும். மேலே இரண்டு விரல் அகலம் மட்டும் உரித்து, இடம் பார்த்து அழுத்துவார். பிறகு மீதித் தாளை இழுத்துவிட்டு உருளையால் தேய்ப்பார். உரித்த தாள்களும் வெட்டிய துண்டுகளும் எண்ணிக்கையில் ஒத்துப்போன பிறகே கதவின் உள்பலகை ஏறும். எண்ணுவது என் வேலை. நீரேற்று நிலையத்தில் முப்பத்தோரு வருடம் நீர்மட்டம் எழுதிய கை சும்மா இருக்காது என்று என் மகள் இதை என் தலையில் கட்டியிருந்தாள்.

அந்தப் புதன்கிழமை வந்தது ஓர் ஆசிரியையின் கார். அவருடைய அம்மாவுக்கு இடுப்பில் அறுவை நடந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பின் இருக்கையில் இடது கதவோரம் உட்கார்ந்துதான் மருத்துவமனைக்குப் போய்வந்தார். சாலை இரைச்சலில் அவருக்குத் தலை வெடித்தது.

"மூணு மணிக்கு டாக்டரைப் பாக்கணும். ஒண்ணரைக்கெல்லாம் வண்டி வேணும்" என்று ஆசிரியை வாசலிலேயே நின்றார்.

கடைசிக் கதவின் வேலை நடக்கும்போது மாப்பிள்ளைக்கு ஒரு போன் வந்தது. பேசி முடித்தபோது மணி ஒன்று இருபத்தைந்து.

"மாமா, அப்புறம் எண்ணிக்கலாம். பலகைய மாட்டிடறேன்."

நான் சரி என்றேன். நடந்ததில் பாதி அந்தச் 'சரி'யால் வந்தது.

ஒன்று முப்பத்தெட்டுக்குக் கார் போனது. அதன்பிறகு எண்ணினேன். துண்டுகள் முப்பத்து மூன்று, தாள்கள் முப்பத்திரண்டு. மேசைக்கு அடியில், செருப்பின் அடியில், குப்பைக் கூடையில் எல்லாம் தேடிவிட்டு மறுபடி எண்ணினேன்.

"மாப்ள, ஒண்ணு கொறையுது."

"சரியா எண்ணுங்க மாமா."

"நான் எண்ணி என்னிக்குத் தப்பாச்சு?"

அவர் முகம் வெளுத்தது. தாள் உரிக்காத துண்டை இரண்டு விரல் அகலப் பசைதான் தாங்கிக்கொண்டிருக்கும். வெயிலில் அது இளகும். துண்டு கழன்று பூட்டுக் கம்பியில் விழுந்து ஒட்டிக்கொண்டால் கதவு உள்ளேயிருந்தும் திறக்காது, வெளியேயிருந்தும் திறக்காது.

"போன் வந்தப்ப எந்தக் கதவுல இருந்தீங்க?"

"பின்னாடி... இடது பக்கம்."

ஆசிரியையை ஏழு தடவை அழைத்தோம். எடுக்கவில்லை. ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

மருத்துவமனை வளாகத்தில் கார் நட்டநடு வெயிலில் நின்றது. பக்கத்தில் சக்கர நாற்காலியும் இரண்டு ஊழியர்களும். ஆசிரியை கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பொரிந்தார்.

"வாங்க சார், வாங்க! சத்தம் உள்ள வரக் கூடாதுன்னுதான் சொன்னேன். ஆள் வெளிய வரக் கூடாதுன்னா சொன்னேன்?"

ஓர் ஊழியர் வலது பக்கமாக ஏறி அம்மாவின் அக்குளில் கை கொடுத்திருந்தார். "இந்தப் பக்கமா இழுத்துடலாம் மேடம். ஒரே தம்."

"இழுக்காதீங்க! இடுப்பு திரும்பினா மூட்டு நழுவிடும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க. கண்ணாடிய இறக்கி நானே கைய விட்டுப் பாக்கறேன்."

முன்கதவைத் திறந்த ஆசிரியையின் விரல் கண்ணாடிப் பொத்தானுக்குப் போனது.

"தொடாதீங்க!" மாப்பிள்ளை அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "கண்ணாடி எறங்கினா அந்தத் துண்டையும் கம்பியையும் சேத்து நசுக்கிடும். அப்புறம் கதவ அறுக்கணும்."

விரல் அப்படியே நின்றது.

"பாட்ட நிறுத்துங்கம்மா" என்றார் மாப்பிள்ளை உள்ளே பார்த்து.

"இப்பத்தான் சரணம் வருது" என்றார் அம்மா. ஆனால் நிறுத்தச் சொன்னார்.

பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கதவைத் தட்டினார், கேட்கவில்லை. வலது காதை வைத்துப் பார்த்தார், அப்போதும் கேட்கவில்லை. பிறகு கொதிக்கும் தகட்டில் நெற்றியை அழுத்திக்கொண்டு கீழிருந்து மேலாகத் தட்டினார். அதிர்வை எலும்பால் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே கை நின்றது.

"இங்கதான் காலியா இருக்கு. நேர் கீழ கம்பி மேல கெடக்கு."

வைப்பரின் ரப்பரை உருவி, அதற்குள் இருந்த எஃகுப் பட்டையை எடுத்து, நுனியைக் குறடால் மடக்கினார். கண்ணாடிக்கும் ரப்பர் விளிம்புக்கும் நடுவே இறக்கினார். முதல் தடவை பட்டையில் கறுப்புப் பசை நூலாக வந்தது. இரண்டாம் தடவை ஒன்றுமே வரவில்லை. "மேடம், டாக்டர் கெளம்பிடுவாரு" என்றார் ஊழியர். உள்ளே அம்மா முனகினார். மூன்றாம் தடவை பட்டை எதிலோ மாட்டியது. மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே தூக்கினார்.

"இப்ப இழுங்க."

கதவு திறந்தது. மணி இரண்டு ஐம்பத்து மூன்று.

இரண்டு காலையும் சேர்த்துத் திருப்பி, அம்மாவை நாற்காலியில் இறக்கினார்கள். போகும்போது அவர் மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார்.

"நெத்தியில சூடு போட்டுக்கிட்டியாப்பா?"

மூன்று நாற்பதுக்குத் திரும்பி வந்தார்கள். மூட்டு நகரவில்லையாம். கார் பக்கத்தில் காத்திருந்த மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

"என் தப்புங்க. போன் பேசிக்கிட்டே தாள உரிக்காம விட்டுட்டேன்."

"எண்ணாம விட்டது நான்" என்றேன்.

"மத்த மூணு கதவு?" என்றார் ஆசிரியை.

"கணக்குப்படி சரியா இருக்கணும்" என்றார் மாப்பிள்ளை.

"கணக்குப்படி எங்கம்மா அரைமணி நேரம் வெயில்ல தவிச்சிருக்கக் கூடாது."

ஆசிரியை சாவியை மாப்பிள்ளையிடம் நீட்டாமல் என்னிடம் கொடுத்துவிட்டு, அம்மாவை வாடகைக் காரின் முன் இருக்கையில் உட்கார வைத்து அழைத்துப் போனார்.

மறுநாள் மதியத்துக்குள் நான்கு கதவுகளையும் பிரித்து, புதிதாக ஒட்டி மூடினோம். மாலையில் ஆசிரியை தனியாக வந்தார். ஒவ்வொரு கதவையும் இருபது முறை திறந்து மூடினார். எண்ணிக்கையை அவரே சத்தமாகச் சொன்னார். எண்பது ஆனதும், பின் இருக்கையில் இடது கதவோரம் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, எங்கள் இருவரையும் கண்ணாடி வழியாக ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளேயிருந்து திறந்து இறங்கினார்.