லேஞ்சியில் சுற்றிய பல்

யுத்தம் முடிந்த வருஷம், நோன்பு மாதத்தில், கல்முனையில் எங்கள் கடைத்தொகுதி தீப்பிடித்தது. மேல்மாடியில் என் புடவைக்கடை. தீயணைப்பு வண்டியிலிருந்து குதித்த குள்ள மனிதர் தன் பொய்ப்பல்லைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்த லேஞ்சித் துணியில் சுற்றி, முன்னால் நின்ற என் கையில் வைத்தார்.

"தம்பி, புடிச்சிக்கங்க. உள்ளுக்குக் கத்தக்குள்ள கழண்டு விழுது. போன தரம் நெருப்புக்குள்ள தேடித்தான் எடுத்த நான்."

வண்டித் தண்ணீர் சில நிமிஷத்தில் தீர்ந்தது. பிறகு பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்கும் தொட்டிக்குள் உறிஞ்சுகுழாயைப் போட்டார்கள். அவசரத்தில் நுனியில் வலை மாட்ட மறந்துவிட்டார்கள். தொட்டியில் வளர்த்த மீன்களும் தண்ணீரோடு பறந்து சனத்தின் தலையில் விழ, எரிகிற கட்டடத்துக்கு முன்னால் ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், மடையன்!

பல்லைத் தந்தவர் இடைக்கிடை வெளியே வந்து இருமுவார். குழாயைப் பிடித்திருந்தும் உதட்டைக்கூட நனைக்கவில்லை.

"காக்கா, நோன்ப வுட்டாலும் குத்தமில்ல," என்றேன், அண்ணனை அழைப்பதுபோல.

"ஓம், தெரியும். பல்லில்லாம என்னத்தத் தின்ன?" என்று பொக்கை வாயால் சிரித்துவிட்டு மறுபடி உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் மேல்மாடிக் கூரை சரிந்தது. லேஞ்சியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, "யா அல்லாஹ், இந்தப் பல்லுக்காரர வெளிய கொண்டு வா" என்று துஆக் கேட்டேன்.

பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு கேட்கும்போது கரிக்கட்டையாக வெளியே வந்தார். யாரோ கொடுத்த பேரீச்சம்பழத்தோடு என்னிடம் கை நீட்டினார்.

"பல்லத் தாங்க தம்பி, நோன்பு துறக்கோணும்."

அவர் மென்று விழுங்கிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது: சரிந்த கூரைக்குக் கீழேதான் என் கடை இருந்தது.