மிஷின் டெஸ்ட்

சிறுநீரக மாற்று கிளினிக்கில் ஒருங்கிணைப்பாளராக எனக்கு முதல் நாள். காலையில் முதலில் வந்தது ஒரு புகார்.

"சிஸ்டரு, நீங்க குடுத்த பி.பி. மிஷின் பேஜாரு பண்ணுது. வேற குடுங்க."

சொன்னவர் திருவொற்றியூர் கஸ்தூரி. கணவர் ஏழுமலை துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன்னால் முகம் தெரியாத ஒருவரின் சிறுநீரகம் அவருக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை, காய்ச்சி ஆறிய தண்ணீர், எண்ணூர்ப் புகையும் லாரிப் புழுதியும் கைகோத்து வரும் நாளில் ஜன்னல் சாத்தல், எல்லாமே கஸ்தூரி கைதான். ஏழுமலை முகக்கவசம் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருந்தார். கஸ்தூரியின் கண்ணுக்குக் கீழே கரி அப்பியிருந்தது.

"மிஷினுக்கு என்ன?"

"இவருக்குப் போட்டா ஒயுங்கா காட்டுது. டெஸ்ட்டுக்கு என் கைல போட்டா நூத்தி எம்பதுக்கு ஏறிக்கினு போவுது."

குழந்தைக்குப் புகட்டும் முன் பால் சூட்டைத் தன் புறங்கையில் சொட்டிப் பார்ப்பார்களே, அதுபோலத் தினமும் மிஷின் பட்டையைத் தன் கையில் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கணவருக்குச் சுற்றுவாராம். நானும் முதல்நாள் சுறுசுறுப்பில் 'மிஷின் பழுது' என்று எழுதியே விட்டேன். கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் உறைத்தது. கிளினிக் மிஷினை எடுத்து அவர் கையில் சுற்றினேன். நூற்று எண்பத்து நான்கு.

"உங்களுதும் அதே கம்பெனியா சிஸ்டரு?"

ஸ்டெத் வைத்து, கையால் பம்ப் அடித்துப் பார்த்தேன். அதே அளவு.

"இன்னாமே, இதுல பேட்டரியே இல்லியே," என்றார் ஏழுமலை.

அவர்கள் கொண்டுவந்திருந்த பி.பி. நோட்டைப் புரட்டினேன். முன்பக்கங்களில் நீல மையில் ஏழுமலையின் அளவுகள், தேர்க்கோலம் மாதிரி. கடைசிப் பக்கங்களில் பென்சிலில் 'மிஷின் டெஸ்ட்' என்று தலைப்பு. நூற்று நாற்பது, ஐம்பத்தைந்து, எழுபது. ஒரு பெண்ணின் ரத்தம் மாதாமாதம் படியேறியதை மிஷின் கோளாறு என்று அவரே கணக்கு வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை இதுவரை யாரும் புரட்டவில்லை.

"தூங்குறீங்களா?"

"தூங்கறேனே."

"எங்க?" என்றார் ஏழுமலை. "நான் மூச்சு வுடறனானு மூக்காண்ட விரல் வெச்சிப் பாக்குது சிஸ்டரு. நான்தான் பயந்து எய்ந்து உக்கார்றேன்."

இப்படியே விட்டால் பக்கவாதம் வரலாம், இன்றே அட்மிட் ஆகவேண்டும் என்றார் டாக்டர்.

"எனக்கு இன்னா? கிட்னி மாத்துனது அவருக்கு. நான் பட்த்துக்கினா மாத்திரை யார் குடுப்பா?"

"நாப்பது டன் பொட்டிய எறக்குனவன். நாலு மாத்திரைய வாய்ல எறக்க மாட்டனா?"

"காலை மாத்திரைக்கு நைட்டு டப்பாவத் தொறந்த ஆளு தானய்யா நீ?"

"தொறந்தேன். நீ இருந்த, தட்டி வுட்ட. நீ வுயுந்துட்டா யார் தட்டுவா, சொல்லு?"

கஸ்தூரி வெந்நீர் பாட்டிலை அவர் மடியில் வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறினார்.

வீட்டுக்குப் போனபின் வாரம் இரண்டு மதியம் சாத்தாங்காட்டிலிருந்து நாத்தனார் வந்து பார்த்துக்கொள்வது, அந்நேரம் கஸ்தூரி தூங்குவது என்று ஏற்பாடு. முதல் மதியமே போன்.

"சிஸ்டரு, தூங்கச் சொன்னீங்களே, சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இப்போது என் கிளினிக்கில் பட்டை முதலில் ஏறுவது நோயாளிக்குத் துணையாக வந்தவர் கையில்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டதற்கு ஒருவர் கணவரின் கிரியாட்டினின் அளவைப் பதிலாகச் சொன்னால், அவரிடம் மறுபடி கேளுங்கள்.

கஸ்தூரி அட்மிட் ஆனதற்கு அடுத்த மாதம் நோட்டை நீட்டியவர் ஏழுமலை. நீல மையில், கோணல் எழுத்தில், கஸ்தூரியின் அளவுகள். நூற்று முப்பதுக்கு இறங்கியிருந்தது.

"உங்களோடது எங்கே?" என்றேன்.

நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். அவருடைய அளவுகளுக்கு மேலே பென்சிலில் எழுதியிருந்தது: 'மிஷின் டெஸ்ட்'.