தெத்துப்பல்லும் பத்தொன்பது சாட்சியங்களும்

பல்செட்காரர் இருபத்திரண்டு வருடங்களாகப் பல் கட்டுகிறார். தொழில்முறையில் இதுவரை ஒரு வாயைக்கூட நேரில் பார்த்ததில்லை. பல் மருத்துவர்கள் எடுத்த அச்சு மட்டும் டப்பாவில் வந்து சேரும். அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்ப்பார், மெழுகில் பல்லை வரிசையாக ஊன்றுவார், வேகவைத்துத் தேய்த்து மெருகேற்றி அதே டப்பாவில் திருப்பி அனுப்புவார். ஊரில் பாதிப் பேர் அவர் தயவில்தான் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். ஆனால் அவர் சொல்லி யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை.

இந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தான் அவர் மாமியார் வீட்டு வாட்ஸப் குழுவுக்குத் தினம் ஓர் அதிசயம் வழங்கிவந்தார். காலை ஆறே முக்காலுக்குப் பல் துலக்கி முடித்ததும் இணையத்தில் தேடுவார். கிடைத்ததை முதலில் மனைவிக்கு வாசித்துக் காட்டுவார்.

"ஏம்மா, ஆக்டோபஸுக்கு மூணு இதயமாம்."

"அப்படியா. டீ ஆறுது பாருங்க."

பிறகு குழுவில் போடுவார். வாழைப்பழம் தாவரவியல்படி பெர்ரி வகை, ஸ்ட்ராபெரி அந்த வகை இல்லை. வெள்ளிக் கோளில் ஒரு வருடத்தைவிட ஒரு நாள் நீளம். வோம்பாட் என்ற விலங்கு கனசதுர வடிவில் மலம் கழிக்கிறது. குழுவில் பதினோரு பேர். மாமியார் தவறாமல் கும்பிடு படம் போடுவார். மற்றவர்கள் படித்ததற்கான நீலக்குறியோடு சரி. பல்செட்காரர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு ஆறு வருடம் நிம்மதியாக இருந்தார்.

அந்த நிம்மதியில் மண் விழுந்தது சகலையால்தான். மனைவியின் தங்கை கணவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு சும்மா உட்காருவதே தொழில் என்பதாலோ என்னவோ, அவருக்குத் திடீரென்று சிந்தனை ஊறத் தொடங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை குழுவில் இப்படிப் போட்டார்:

"லிஃப்ட் பட்டன்ல ஏற்கெனவே விளக்கு எரியும். வர்ற ஒவ்வொருத்தரும் இன்னொரு தடவ அமுக்குவாங்க. முன்னாடி அமுக்கினவர் மேல அவ்வளவு நம்பிக்கை."

ஏழு பேர் சிரித்தார்கள். மாமியார் கும்பிடு படத்தை விட்டுவிட்டுக் கண்ணீர் வரச் சிரிக்கும் முகத்தைப் போட்டார். மூன்று முறை. அந்த முகம் மாமியார் போனில் இருக்கிறது என்பதே பல்செட்காரருக்கு அன்றுதான் தெரியும்.

இதைக்கூடப் பொறுத்திருப்பார். அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனைவி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவருக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு தெத்துப்பல். சிரிக்கும்போது உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்வாள். கைக்குள் அகப்பட்ட சிரிப்பு மூக்கு வழியாக வெளியேறும். கல்யாணமான புதிதில் அதை நேராக்கித் தருவதாகச் சொல்லி அவரே அவள் பல்லுக்கு அச்செடுத்துத் தாடையும் வார்த்தார். "அது பாட்டுக்கு இருக்கட்டுங்க, பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பிளாஸ்டர் தாடை அன்றிலிருந்து ஃப்ரிட்ஜ் மேல் கரண்ட் பில் பறக்காமல் காவல் காக்கிறது. அவர் சொன்னதற்கு அவள் கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தார். அப்போது ஃப்ரிட்ஜ் புதிது.

"என்ன அப்படி இருக்கு அதுல?" என்று அடுப்படி வாசலில் நின்று கேட்டார்.

"தங்கச்சி வீட்டுக்காரர் போட்டத படிச்சீங்களா?"

"படிச்சேன். அதுல தகவல் ஒண்ணுமே இல்லையே."

அவள் மறுபடியும் கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

அதன்பின் வாரத்துக்கு மூன்று வந்தது. "கிளம்புறோம்னு எந்திரிச்சு நின்னதுக்கு அப்புறம்தான் விருந்தாளி பேசவே ஆரம்பிப்பார். அதுவரைக்கும் ரெண்டு மணி நேரம் பேசினது ஒத்திகை." "போன்ல வழி சொல்றவர், அந்தப் பக்கம் இருக்கிறவருக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சும் கைய நீட்டித்தான் காட்டுவார்." ஒவ்வொன்றுக்கும் அடுப்படியில் அந்தச் சத்தம். பல்செட்காரருக்கு வயிறு எரிந்தது. மூன்று இதயம் உள்ள பிராணியைக் கடலுக்கடியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவருக்கு ஒரு "அப்படியா". லிஃப்டுக்கு வெளியே சும்மா நின்றவனுக்கு இவ்வளவா? தன் பல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மேல்வரிசைக்குக் கீழ்வரிசைப் பல்லை ஊன்றிவிட்டு அரை மணி நேரம் அதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

சொந்தமாகக் கவனித்து எழுதவும் பார்த்தார். பஸ் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் கூர்ந்து பார்த்ததில், "பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் நிற்கிறார்கள்" என்று ஒன்று கிடைத்தது. குழுவில் போட்டார். மாமியார் கும்பிட்டார்.

அப்போதுதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு கல்யாணத்தில் வாழ்த்துச் சொல்ல மைக் கொடுத்தபோது "ஹலோ, ஹலோ" என்று சோதித்துவிட்டு இறங்கிய ஆள் இந்தச் சகலை. அந்த மண்டைக்கு இந்த வாக்கியம் எங்கிருந்து வரும்? லிஃப்ட் பட்டன் வரியை அப்படியே தேடுபெட்டியில் தட்டினார். இரண்டாவது முடிவிலேயே மாட்டிக்கொண்டது.

"சும்மா பார்த்தது" என்று ஒரு பக்கம். பெயர் இல்லை, முகம் இல்லை. முகம் இருக்கவேண்டிய வட்டத்தில் பூண்டுப் பல்லோ சோளப்பொரியோ, வெள்ளையாக ஏதோ ஒன்று. பதினான்காயிரம் பேர் தொடர்கிறார்கள். லிஃப்ட் அங்கே ஞாயிற்றுக்கிழமை. சகலை போட்டது செவ்வாய். விருந்தாளி அங்கே வியாழன், சகலை சனி. வெட்டி ஒட்டுவதற்குக்கூட இந்த ஆளுக்கு இரண்டு நாள் ஆகிறது.

பல்செட்காரர் அன்று பாட்டு முணுமுணுத்தபடி பல்லுக்கு மெருகேற்றினார். நான்கு நாளில் பத்தொன்பது ஸ்க்ரீன்ஷாட் சேர்ந்தது. இடது பக்கம் அசல், வலது பக்கம் திருட்டு, மேலே தேதி. இதைக் குழுவில் போட்டு வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. சகலை வாயில் கவளம் இருக்கும்போது போனை நீட்டவேண்டும். மென்றுகொண்டே மறுக்க முடியாது. தாடையின் இயக்கம் பற்றி அவருக்குத் தெரியாததில்லை.

சனிக்கிழமை மதிய இடைவேளையில், வழக்கை இன்னும் பலப்படுத்தலாம் என்று அந்தப் பக்கத்தின் பழைய பதிவுகளைத் தோண்டினார். தோண்டத் தோண்ட வேலை கெட்டது.

"கண் சரியா தெரியலன்னு எங்க கவுண்டருக்கு வர்றவங்க, வரிசையில ஒருத்தர் குறுக்க நுழைஞ்சா மட்டும் இருபதடி தூரத்துல இருந்தே பார்த்துடறாங்க."

பல்செட்காரர் குலுங்கிச் சிரித்தார். கையிலிருந்த மெழுகுக் கத்தி கீழே விழுந்தது. அவர் மனைவி ஒரு கண் ஆஸ்பத்திரியின் பதிவுக் கவுண்டரில் பதினைந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். இந்த இடத்தில் வேறு யாருக்காவது பொறி தட்டியிருக்கும். அவருக்கு, இதை வீட்டுக்குப் போனதும் அவளுக்கு வாசித்துக் காட்டவேண்டும், அவளுக்கும் இதே வேலைதானே என்று மட்டும் தோன்றியது.

அடுத்தது: "மேல்வீட்டுக்காரர் நாயை நடக்கக் கூட்டிட்டுப் போறார். கம்பத்துக்குக் கம்பம் நின்னு நாய் மோந்து பார்க்குது, இவர் போனப் பார்க்கிறார். ரெண்டு பேரும் அன்னன்னைக்கு வந்த சேதியத்தான் படிக்கிறாங்க." எல்லா மாடியிலும் ஒரு நாய்க்காரர் இருப்பார் போலிருக்கிறது என்று வியந்தார்.

அதற்கடுத்தது: "வீட்டுக்காரர் தினம் காலையில ஒரு உலக அதிசயம் சொல்வார். இன்னைக்கு ஆக்டோபஸுக்கு மூணு இதயம்னார். மூணுல ஒண்ணாவது உங்களுக்கு இருந்தா ஈரத் துண்டக் கட்டில் மேல போடுவீங்களான்னு கேட்க நினைச்சேன். டீ ஆறுதுன்னு மட்டும் சொன்னேன்."

"இப்படியும் ஒருத்தன்" என்று பல்செட்காரர் தலையை ஆட்டினார். பிறகு அந்த முகம் தெரியாத கணவன் மேல் அவருக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. பாவம், நல்லதைத்தான் சொல்லியிருக்கிறான், சேர்ந்த இடம் சரியில்லை. அந்த அம்மாள் எப்படியிருப்பாள் பார்ப்போம் என்று மூலையில் இருந்த வெள்ளை வட்டத்தைத் தொட்டுப் பெரிதாக்கினார்.

அது பூண்டு இல்லை. பிளாஸ்டர் தாடை. மேல்வரிசை. இடப்பக்கம் ஒரு பல் தன் பாட்டுக்கு முன்னால் வந்து நின்றது. கடைவாயில் காற்றுக்குமிழ் விட்ட சின்னக் குழி. அந்த நாளில் அவர் கை இன்னும் பழகவில்லை. முகத்தை மறக்கலாம், பெயரை மறக்கலாம், தன் கையால் வார்த்த தாடையை அந்தத் தொழிலில் யாரும் மறக்கமாட்டார்கள்.

பல்செட்காரர் இடைவேளை முடிந்தும் எழுந்திருக்கவில்லை. அடுப்படிச் சிரிப்பின் அர்த்தம் இப்போது புரிந்தது. அவள் சகலையின் புத்திசாலித்தனத்துக்குச் சிரிக்கவில்லை. தன் வாக்கியம் தங்கை புருஷன் வேஷத்தில் தன் வீட்டுக்கே விருந்துக்கு வந்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

ஞாயிறு மதியம் மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பல்செட்காரரின் பையில் பத்தொன்பது சாட்சியங்களும் பத்திரமாக இருந்தன. சகலை தொண்டையைச் செருமினார்.

"அத்தை, கவனிச்சிருக்கீங்களா? வண்டி ஓட்டக் கத்துக்க வர்றவங்களுக்கு முன்னாடி நிக்கிற லாரியே கண்ணுக்குத் தெரியாது. ஆனா வரிசையில ஒருத்தன் குறுக்க நுழைஞ்சா இருபதடியில இருந்தே தெரிஞ்சுடும்."

"சின்ன மாப்ளைக்கு எங்கிருந்துதான் தோணுதோ" என்றார் மாமியார்.

சகலை இந்தப் பக்கம் திரும்பினார். "என்ன சகல, இன்னைக்கு அதிசயம் எதுவும் இல்லையா? ஜீவராசியெல்லாம் தீர்ந்துபோச்சா?"

பல்செட்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; தோள் லேசாகக் குலுங்கியது. போனை எடுத்தால் சகலை கவிழ்வார், சந்தேகமில்லை. அவள் பக்கமும் சந்திக்கு வந்துவிடும். மாமியார் அதில் எழுத்துக்கூட்டி ஈரத் துண்டைப் படிப்பார். அதன்பின் அவள் எழுதமாட்டாள். அடுப்படியில் சத்தமும் கேட்காது.

"நல்லா இருக்கு சகல" என்றார். "எங்க பிடிக்கிறீங்க இதெல்லாம்?"

"பிடிக்கிறதா? தானா வர்றதுதான்."

மனைவிக்குப் புரையேறியது. மாமியார் தண்ணீர் கொடுத்தார்.

இதோடு அவருக்குப் பொறாமை தீர்ந்தது என்று நினைத்தால் தப்பு. முகவரி மாறியது, அவ்வளவுதான். அன்று மாலையே அவர் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து எண்ணினார். வீட்டுக்காரரைப் பற்றி முப்பத்தொன்று. மேல்வீட்டு நாய்க்காரரைப் பற்றி நாற்பத்து நான்கு. இரண்டு முறை எண்ணினார், குறையவில்லை. ஒரே கூரையின் கீழ் இருக்கிற மனிதனைவிட, மாடிப்படியில் எதிர்ப்படுகிற ஒருவர் பதின்மூன்று அதிகம். அவரிடம் அப்படி என்ன இருக்கிறது? ஒரு நாய் இருக்கிறது.

மறுநாளிலிருந்து பல்செட்காரர் உழைத்தார். ஒரு காலில் கறுப்பும் ஒரு காலில் நீலமுமாகக் காலுறை போட்டு அவள் கண்ணில் படும்படி நடந்தார். நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வீடெல்லாம் கண்ணாடியைத் தேடினார். பிரஷர் குக்கருடன் பேசினார். அவள் ஒவ்வொன்றையும் அமைதியாகப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். பக்கத்தில் ஒன்றும் வரவில்லை. புதன்கிழமை நாய்க்காரருக்கு நாற்பத்தைந்தாவது வந்தது.

சனிக்கிழமை காலை அவர் டீயோடு உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தார். புதிதாக ஒன்று:

"வீட்டுக்காரர் ஒரு வாரமா நடிக்கிறார். நெத்தியில கண்ணாடிய வச்சுக்கிட்டு கண்ணாடியத் தேடினார், சரி. தேடும்போது நடுவுல கண்ணாடிய இறக்கி காலண்டர்ல இருந்த பொடி எழுத்த ஏன் படிச்சார்? நடிப்பு சுத்தமா வரல. ஈரத் துண்டு விஷயத்துல மட்டும் இப்பவும் இயல்பா இருக்கார்."

பல்செட்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்திரண்டு. சந்தோஷத்தில் கை தானாகப் போய்ச் சிரிக்கும் முகத்தை அமுக்கியது. அமுக்கிய பிறகுதான் கவனித்தார்: அதன் கீழே அவருடைய சொந்தப் பெயர், படம், பல் ஆய்வுக்கூடத்தின் முகவரி எல்லாம் பளிச்சென்று நின்றன.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு அவள் ஒரு கையில் போனும் மறு கையில் கரண்டியுமாகக் கூடத்துக்கு வந்து நின்றாள்.

"எத்தன நாளா தெரியும்?"

"போன சனிக்கிழமைல இருந்து" என்றார் அவர். திட்டு விழும் என்று தெரிந்தது. அதற்கு முன் கேட்கவேண்டியதைக் கேட்டுவிடவேண்டும். "அந்த நாய்க்காரருக்கு நாப்பத்தஞ்சு. எனக்கு முப்பத்திரெண்டு. கட்டின புருஷன் நான். இது என்னம்மா நியாயம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடக் கை ஒழிவில்லை. தெத்துப்பல் நடுக் கூடத்தில் வெளிச்சத்தில் நின்றது. பிளாஸ்டரில் இவ்வளவு நன்றாக வரவில்லையே என்று பல்செட்காரர் நினைத்துக்கொண்டார்.

"நாய் நடிக்காதுங்க" என்றாள்.