ஒரு நாள் காப்பு

ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பால் மரம் வெட்டிய, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்த காலம் அது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை குதிரையை விட்டு மோட்டாருக்கு மாறியிருந்தார். நான் மகா குடிகாரன், மறைத்து என்ன ஆகப்போகிறது! ஆனால் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் பத்து நாளும் கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். லயத்தில், அந்த வரிசைக் கூலி வீடுகளில், இருந்த ஆண்கள் எல்லோரும் அப்படித்தான். பூசாரி காப்பை அவிழ்த்ததும், பத்து நாள் தாகத்தையும் சேர்த்துக் குடிப்போம்.

அந்த வருஷமும் அப்படியே குடித்துவிட்டு வந்தேன். மனைவி வாசலில் தகரப்பெட்டியோடு நின்றாள்.

"இன்னொரு தடவ குடிச்சீங்க, மகளக் கூட்டிக்கிட்டு சித்தியவான் ஊர்ல இருக்கற அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன்."

அவள் கத்தவில்லை. அதனால்தான் அது வெறும் மிரட்டல் இல்லை என்று புரிந்தது.

மறுநாள் மரம் வெட்டிவிட்டு, பால் வடிந்து முடியட்டும் என்று மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். வெட்கக்கேடாக இருந்தது. பத்து நாள் இருக்க முடிந்தவன் பதினோராம் நாள் ஏன் விழுந்தேன்? ஆத்தாளுக்குப் பயந்தேனே தவிர, என்னை நான் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை.

அன்றிலிருந்து தினமும், அந்த ஒரு நாளுக்கு மட்டும் காப்பு. விடியலில் மஞ்சள் நூலை நானே கட்டிக்கொள்வேன். பொழுது சாய்ந்ததும் சாமி விளக்கு முன்னால் உட்கார்ந்து, காலையிலிருந்து நடந்ததை நினைத்துப் பார்ப்பேன். குடித்தேனா? யாரை வைதேன்? எடை கூட்டப் பாலில் தண்ணீர் ஊற்றினேனா? மனசு ஒளிக்காமல் பதில் சொன்னால்தான் முடிச்சை அவிழ்ப்பேன்.

"என்ன மச்சான், ஒனக்கு மட்டும் தெனமும் திருவிழாவா!" என்று பக்கத்து லயத்துக்காரன் சிரித்தான். சிரிக்கட்டுமே.

நாலு மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு மழை நாளில், சிரித்த அந்தப் பக்கத்து லயத்துக்காரன் வீட்டிலேயே ஒரு கோப்பை குடித்துத் தொலைத்தேன். வாயைக் கொப்பளித்து, வெற்றிலை போட்டு, வீட்டுக்கு வந்து விளக்கு முன் உட்கார்ந்தேன். விரல் முடிச்சுக்குப் போகவே மாட்டேன் என்றது.

"சோறு ஆறுது," என்றாள் மனைவி. மூலையில் அந்தத் தகரப்பெட்டி இருந்தது. ஒரு பொய் சொன்னால் போதும், தப்பித்துவிடலாம்.

"குடிச்சிட்டேன்," என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கையக் குடுங்க. குடிச்சிட்டு வந்து உண்மையச் சொன்னது, கல்யாணமான நாள்லேருந்து இதான் மொதத் தடவ."

முடிச்சை அவளே அவிழ்த்தாள். மறுநாள் விடியலில், நான் வேலைக்குக் கிளம்பும்முன், அதே நூலை அவளே கட்டியும் விட்டாள்.