எஸ்தர் கேட்ட கறுப்பு வெள்ளை

போன திங்கட்கிழமை மதியம். கம்பெனி கேன்டீனில் சாம்பார் சாதத்தில் கை வைத்தேன்... எதிரில் எஸ்தர் வந்து நின்றாள். லீவு முடிந்து அன்று காலையில்தான் ஊரிலிருந்து வந்திருந்தாள். போன காரியம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"மொதல்ல சாப்பிடுங்க சார். பொறவு சொல்லுதேன்."

நல்ல செய்தியை யாராவது சாப்பிட்ட பிறகு சொல்வார்களா? அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எஸ்தர் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் நான் பர்ச்சேஸ் பார்க்கும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் லைனில் நிற்கிறவள். சாத்தான்குளம் பக்கம் ஊர். இங்கே ஐந்து பெண்களோடு ஒரு வாடகை அறையில் வாசம். வயது இருபத்தேழு. கல்யாணத்துக்கு அவளைவிட அவள் ஊருக்குத்தான் அவசரம்.

எனக்குப் போட்டோ பைத்தியம்; படம் எடுத்து வீட்டிலேயே பிரிண்டும் போடுகிறவன். இரண்டு மாதம் முன்னால் அவள் வந்து, கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்து பிரிண்ட் போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பவாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே கலர் கலராக ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டிருக்கிற காலத்தில் கறுப்பு வெள்ளை கேட்கிற பெண்ணா... என்ன ரசனை!

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஜன்னல் ஓரம் உட்காரவைத்து எடுத்தேன். அடுத்த வாரம் மாதிரிப் பேப்பர்களைக் கேன்டீனுக்கே தூக்கிக்கொண்டுபோய் ஒரு லெக்சர் அடித்தேன். என் பிரிண்டரில் கறுப்பு, சாம்பல், இளஞ்சாம்பல் என்று மூன்று மை. மலிவு ரீஃபில் ஊற்றினால் முகத்தில் பாசி படிந்த மாதிரி பச்சை அடிக்கும், அதனால் ஒரிஜினல்தான். பளபளப்பில்லாத மேட் பேப்பரில் கறுப்பு கொஞ்சம் வெளிறித்தான் உட்காரும். பளபளக்கிற கெட்டிப் பேப்பரில்தான் அசல் கறுப்பு...

அவள் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேட் பேப்பரைத் தொட்டாள். இதுல போடுங்க சார் என்றாள். நான் கேட்டேனா? நிபுணனாயிற்றே! பளபளப்பிலேயே போட்டேன். ஒரு நாள் காயவிட்டு, டியூப்லைட்டை நம்பாமல் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அவள் நிறம் அப்படியே வந்திருந்தது — நல்ல கறுப்பு, கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம். அதைவிட நல்ல பிரிண்ட் நான் போட்டதில்லை.

கையில் வாங்கியவள் படத்தின் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா... கறுப்பு வெள்ளையில எடுத்தா நெறம் தெரியாதுன்னுல்லா நெனச்சேன்."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ரசனையாவது, மண்ணாங்கட்டியாவது! கலர் போட்டோவைப் பார்த்தே மூன்று வீடுகள் பதில் சொல்லாமல் விட்டிருக்கின்றன. இது ஊர் சர்ச் உபதேசியார் கொண்டுவந்த நாலாவது சம்பந்தம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். இதுவும் தட்டிப்போனால் இவளை விட்டுவிட்டுத் தங்கைக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்களாம்.

நம் ஊரில் மாப்பிள்ளை அட்டக் கறுப்பாக இருந்தால் ‘களையான முகம்’. பெண் கறுப்பாக இருந்தால் ‘மத்தபடி நல்ல பொண்ணு’. இந்த ‘மத்தபடி’யைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பெண்ணிடம்தான் நான் அசல் கறுப்பின் அருமையை விளக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகத்தை வெளுத்தேன். கழுத்தையும் காதையும் மறக்காமல் வெளுத்தேன். மேட் பேப்பரில் போட்டேன். செய்வது தப்பு என்று தெரிந்தேதான் செய்தேன். இரண்டு பிரிண்டையும் ஒரே கவரில் வைத்துக் கொடுத்துவிட்டேன் — எதை அனுப்புவது என்று அவளே முடிவு செய்யட்டும் என்று. நல்லவனாக இருப்பதற்கு எவ்வளவு சுலபமான வழி, பாருங்கள்!

எதை அனுப்பினாள் என்று சொல்ல வேண்டுமா? பத்தே நாளில், பெண் பார்க்க வருகிறோம் என்று தகவல் வந்தது. லீவு போட்டுவிட்டு ஓடினாள்.

சரி, திங்கட்கிழமைக்கு வருகிறேன். நான் கை கழுவிவிட்டு வந்த பிறகு சொன்னாள். ஆறு பேர் வந்தார்களாம். காபி குடித்தார்களாம். மாப்பிள்ளையின் அம்மா போட்டோவையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, தங்கச்சி படத்தை அனுப்பிட்டீங்களோ என்று கேட்டாளாம். வாத்தியார் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். எல்லோரும் எழுந்து நின்று ஒரு ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பிப் போனார்களாம்.

என்ன ஜெபித்திருப்பார்கள்? அவர்களைத் திட்டத்தான் வாய் வந்தது... ஆனால் கழுத்தையும் காதையும் வெளுத்தவன் யார்? அந்த வீட்டுக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் அவள் தலைகுனிந்து நின்றதில் என் பங்கும் இருக்கிறது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஒரு கவரை நீட்டினாள். உள்ளே நான் முதலில் போட்ட பிரிண்ட்.

"இது வேண்டாமாம் சார். எங்க அம்மைக்கு அந்த வெளுப்புப் படந்தான் பிடிச்சிருக்காம். வீட்டுல மாட்டணும்னு சொல்லுதா... பெருசாப் போட்டுத் தருவியளா?"

பெற்றவளே கேட்கிறாள். நான் யார் மறுக்க? மேட் பேப்பரில், என் பிரிண்டர் தாங்குகிற பெரிய சைஸில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அவ்வளவு பெரிய படம்... கறுப்பு மை அதிகம் செலவாகவில்லை.