லெட்சுமி ஏற்றுக்கொண்ட பிழை

போன செவ்வாய்க்கிழமை காலை கொட்டாஞ்சேனையிலிருந்து தொலைபேசி வந்தது. "அம்மா போயிட்டாங்க அன்ட்டி" என்றாள் லெட்சுமியின் மகள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி ஒருவருக்கும் தெரியவராது என்ற நினைப்புத்தான் முதலில் ஓடியது. சீ, என்ன மனம் இது! லெட்சுமியை அறிந்தவர்களுக்கு நான் இதை எழுதுவது அந்த நினைப்பால்தான்.

யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பரிசோதனை லெப்பில், கிருமி பார்க்கும் பிரிவில், நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தை லொட்ஜில் அறை எடுத்திருந்தவள். லெட்சுமி பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து கொட்டாஞ்சேனையில் வாழ்க்கைப்பட்டவர். ஏறக்குறைய ஒரே வயது. அவர் வேலையில் நிதானம்; நான் வேகம். அந்த வேகத்தைக் கெட்டித்தனம் என்று வேறு நினைத்திருந்தேன்.

ஒருநாள் பின்னேரம் வெள்ளவத்தையில் ஆமியின் சுற்றிவளைப்பு என்று கதை வந்தது. என் பொலிஸ் பதிவுத் துண்டு அறையில் கிடந்தது. வடக்கிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் தங்கக் காரணம் சொல்லிப் பொலிசில் பதிய வேண்டும்; அந்தத் துண்டைக் காட்டாவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள். பிள்ளை பெற்று ஒரு கிழமையான ஒரு தாயின் இரத்தத்தில் வளர்ந்த கிருமியை ஸ்லைட்டில் தடவி, ஊதாச் சாயம் ஏற்றி, ஸ்பிரிட்டால் கழுவினேன். சில கிருமிகளுக்கு மேலதிகமாக ஒரு வெளித்தோல் உண்டு. சரியாகக் கழுவினால் அவற்றில் ஊதா கழன்றுவிடும், கடைசியில் ஏற்றும் சிவப்புச் சாயத்தில் சிவப்பாகத் தெரியும். நான் அரைகுறையாகக் கழுவினேன். ஊதாவாகவே தெரிந்தது. வார்ட்டுக்கு அப்படியே சொல்லிவிட்டு, ஏட்டில் கையெழுத்துக்கூடப் போடாமல் பஸ்ஸுக்கு ஓடினேன். டொக்டர் அதை நம்பி, ஊதாக் கிருமிக்கான மருந்துக்கு மாற்றினார்.

மறுநாள் காலை, கிருமி வளர்க்கும் தட்டில் வளர்ந்திருந்ததைப் பார்த்து லெட்சுமிக்குச் சந்தேகம் வந்தது. மறுபடி சாயம் போட்டார். "மாலா, இது செவப்பு" என்றவர் தானே வார்ட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். "பெரிய மருந்து ஏத்தினவை, ஏன் காய்ச்சல் இறங்கேல்லை?" என்று அந்தத் தாயின் புருஷன் கேட்டார்.

"மருந்து நல்ல மருந்துதாங்க. ஆனா உள்ள போகணுமே! இந்தக் கிருமிக்கு வெளியில இன்னொரு தோலு இருக்கு. அதுல உள்ள ஓட்டையெல்லாம் சின்னது. இந்த மருந்து பெருசு. வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்திருக்கு. வேற மருந்து போடச் சொல்லியாச்சு" என்றார் லெட்சுமி.

அந்தத் தாய் இரண்டு கிழமை தீவிர சிகிச்சையில் கிடந்து உயிர் தப்பினார். பெரிய டொக்டர் எங்களைக் கூப்பிட்டு, முதல் ஸ்லைட்டைப் பார்த்தது யார் என்று கேட்டார். ஏட்டில் கையெழுத்து இருக்கவில்லை.

"நான்தான் சார்" என்றார் லெட்சுமி.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்தேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வேலை போச்சுன்னா பொலிசுல என்னா காரணம் சொல்லிப் பதிவீங்க? எனக்கு வீடு இங்கனதான் இருக்கு. இந்தக் கெடுபிடி அடங்கட்டும், மெதுவா நீங்களே சொல்லிருங்க."

நான் சொல்லவில்லை. அவரைப் போத்தலும் தட்டும் கழுவுவதற்கு மாற்றினார்கள். தேநீர் நேரத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், "தோட்டத்து ஆக்களிட்டை உந்த வேலையைக் குடுத்தால் இப்பிடித்தான்" என்றார். எனக்கு வாயில் கொழுக்கட்டையா? நான் சிரித்தேன். கழுவிய தட்டுகளோடு லெட்சுமி கதவடியில் நின்றார். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டார். பிறகு எங்கு கண்டாலும் என் அம்மாவின் சுகம் விசாரிப்பாரே தவிர, அந்தக் கதையை ஒருநாளும் எடுத்ததில்லை. அவர் பேசாமல் இருக்க இருக்க எனக்கு வசதியாகிப் போனது.

செத்தவீட்டில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளும் இப்போது லெப்பில்தான் வேலை. "'நான் ஒருதடவ அவசரப்பட்டு ஒரு தாயக் கொல்லப் பாத்தேன், நீயாச்சும் நிதானமாப் பாரு'ன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க அன்ட்டி" என்றாள். வீடு நிறையச் சனம். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை, பிறகு அந்த லெப்பில் நான் வகித்த தலைமைப் பதவியும், கவனமானவள் என்ற நல்ல பேரும். இரண்டும் அவருக்கு உரியவை. மகளே, உன் அம்மா எந்தத் தாயையும் கொல்லப் பார்க்கவில்லை. அது நான்.